அவுட்டா, அவேயா

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மருந்துக்கடையில் பர்வின் பில் போட்டுக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. மஸ்கட்டில் அவள் கணவன் முஆத்தோடு கட்டட வேலை பார்க்கும் நேபாளத்துக்காரர் தாப்பா, ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்: ‘முஆத் பாஸ்டு அவுட். ஹாஸ்பிட்டல்.’

பர்வின் பில் போடுவதை நிறுத்தினாள். படிப்பை முடித்தவர்களைத்தான் பாஸ்டு அவுட் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் எந்தப் படிப்பை முடித்தான்? யாராவது இறந்தால் வாட்ஸப்பில் வருகிற வார்த்தையும் பாஸ்டு என்றுதானே தொடங்கும்?

கடைக்காரம்மா ஜினிஷாவிடம் போனை நீட்டினாள். “அக்கா, இதுக்கு இன்னாக்கா அர்த்தம்?”

ஜினிஷா படித்துப் பார்த்தாள். “பயப்படாத. மயக்கம் போட்டு விழுந்தா பாஸ்டு அவுட். செத்துப்போனாத்தான் பாஸ்டு அவே. ரெண்டும் வேற வேற.”

“உனக்குத் தெரியுது. எழுதுனவருக்குத் தெரியுமாக்கா?”

பர்வின் பழைய செய்திகளைத் தள்ளிக் காட்டினாள். ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்ல நினைத்த தாப்பா ‘கண்டோலன்சஸ்’ என்று எழுதியிருந்தார். துக்கத்துக்குச் சொல்கிற வார்த்தை. அன்றைக்கு முஆத்தும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“மொதல்ல அவருக்கே போன் போட்டுப் பாரு,” என்றாள் ஜினிஷா.

முஆத்தின் போன் அணைந்திருந்தது. தாப்பாவுக்கு அடித்தால் மணி போனது, எடுக்கவில்லை. இடையில் மாமியார் ஹுசைன் பீ கூப்பிட்டாள். பர்வின் எடுக்கவில்லை. என்னவென்று சொல்வாள்? மாத்திரை கேட்டு வந்த ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

திரும்பவும் போன் அடித்தது. தாப்பா, வீடியோ கால்.

“நீயே எடுக்கா. என்னால முடியாது,” என்று பர்வின் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.

“புள்ள… பர்வினு…”

முஆத்தின் குரல். பர்வின் திரும்பி, ஜினிஷா கையிலிருந்த போனைப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

“வெயில்ல மயக்கம் வந்துடுச்சு. போன் கீழ விழுந்து உடஞ்சி போச்சு. நான் நல்லாத்தான் இருக்கறேன்.”

“எழுந்து உக்காருங்க,” என்றாள் பர்வின்.

“எதுக்கு?”

“உக்காருங்கன்னா. நான் பாக்கணும்.”

அவன் கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அதைப் பார்த்த பிறகுதான் பர்வினுக்கு அழுகை வந்தது. ஜினிஷா ஸ்டூலை இழுத்துப் போடுவதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.