நெலீதா தன் முறையை விட்டுக்கொடுக்கிறார்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மின்னல் கீற்று, கனவு, தேவதை எதுவும் வரவில்லை. எங்கள் பேட்டைப் பண்பாட்டு மையத்தின் நாற்பது வருடத் தலைவர், பல் மருத்துவர் ஒவீதியோ கஸ்தன்யீனோ அழைத்தார்.

“ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுப்பா. மனசைத் தொடற மாதிரி. உன் கிண்டல் வேண்டாம்.”

“கிண்டல் இல்லாம அரைப் பக்கம்தான் வரும் டாக்டர்.”

“பரவாயில்ல. என் போட்டோவைப் பெருசாப் போட்டுக்கறேன்.”

உடனே இரண்டு பக்கத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பண்பாடு என்னும் பேராறு நம் பேட்டையின் வறண்ட நிலத்தில் பாய்ந்த அந்நாளில்—’

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரான ரொசாரியோவின் தெற்கில் வறண்ட நிலம் ஏது? அரை மணி மழைக்குக் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும்.]

இரண்டாம் தொடக்கம்: எங்கள் மையத்தின் பெயர் ‘தெற்கின் விடியல்’. அதன் வாசல் மேற்கு பார்த்தது. ஐம்பது வருடத்தில் அங்கே யாரும் விடியலைப் பார்த்ததில்லை. அஸ்தமனத்தை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறோம். ஆறு மணி வெயில் கதவு வழியாக நேரே வந்து ஒலிவாங்கியின் மேல் விழும். அதனால் எங்கள் கவிஞர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை ஆழ்ந்த உணர்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நாற்காலிகள், மூடிப்போன தியேட்டரிலிருந்து வந்தவை. 112-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் 9 இருக்கும். அவற்றில் உட்கார்ந்துதான் ஓய்வூதியக்காரர்களின் பாடற்குழுவைக் கேட்டோம், அம்மை ஊசிக்கு வரிசையில் காத்திருந்தோம், தெருவின் ஜகரந்தா மரங்களை வெட்டலாமா என்று மூன்று ஞாயிறு சண்டை போட்டோம். (மரங்கள் வென்றன. நகராட்சிக்குக் கடிதம் எழுதுவது யார் என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை.) தரை மெழுகின் வாசனையும் காப்பி வாசனையும் கலந்து வரும் ஒரு மணம் உண்டு. அது இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் என்னையறியாமல் கைதட்டத் தயாராகிவிடுகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஐந்து மணிக்குக் கவிதை வாசிப்பு. கதவில் ஒட்டிய தாளில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், அந்த வரிசைப்படி படிக்கலாம். ஏழு மணிக்கு டேங்கோ வகுப்புக்காரர்கள் வந்து நாற்காலிகளைத் தூக்குவார்கள். நீங்கள் அதில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேறு பேட்டையிலிருந்து கவிஞர் யாராவது வந்துவிட்டால், நம்மவர் ஒருவர் எழுந்து தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குச் சபை கைதட்டும். செயலாளர் அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவார்.

செயலாளர் நான்.

3

நெலீதா பராஸா பள்ளிக் குழந்தைகளின் வெள்ளை மேலங்கிகள் தைப்பவர். மையத்தில் காப்பி அவர் பொறுப்பு. ‘அவர் கண்களில் சொல்லப்படாத ஒரு சோகம்—’

[இல்லை. அவர் கண்கள் காப்பிக் கெண்டி மேல் இருந்தன. சோகத்தை இப்போது நான் கொண்டுபோய் வைக்கிறேன்.]

1998 அக்டோபருக்கு முந்தைய நான்கு வருடத்து நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. ‘நெலீதா பராஸா தன் முறையை விட்டுக்கொடுக்கிறார். கைதட்டல்.’ பதினேழு இடத்தில். எங்கள் கவிஞர்களில் இத்தனை கைதட்டு வாங்கியவர் வேறு யாருமில்லை. அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

4

1998, அக்டோபர். அன்று அவர் மூன்று மணிக்கே வந்து தாளில் முதலாவதாகப் பெயர் எழுதினார். புது ரவிக்கை. “இன்னிக்கு அவங்கவங்க காப்பியை அவங்கவங்களே ஊத்திக்கட்டும்” என்றார்.

டாக்டர் ‘சுருக்கமாக’ என்று ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். அப்போது வாசலில் ஒரு கார். தலைநகர் புவெனோஸ் ஐரிஸிலிருந்து ஒரு கவிஞர். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் வெள்ளைச் சால்வை. டாக்டர் என்னைப் பார்த்தார்.

என் வாய் பழகிய பாதையில் போனது: “நெலீதா தன் முறையை விட்டுக்கொடுக்கிறார்.”

அவரை யாரும் கேட்கவில்லை. அவர் தாளும் கையுமாகப் பாதி எழுந்திருந்தார். கைதட்டலை ஏற்கத்தான் எழுந்தார் என்று எண்ணிச் சபை இன்னும் பலமாகத் தட்டியது. தலையை ஒருமுறை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். சால்வைக்காரர் ஐம்பது நிமிடம் படித்தார். அதற்குள் டேங்கோ வகுப்பு வந்துவிட்டது.

நான் பதினெட்டாவது முறையாக அந்த வரியை எழுதினேன். அதன் பிறகு அவர் தாளில் பெயர் எழுதவில்லை. காப்பி மட்டும் இருபத்தாறு வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

5

இனி இதை எப்படி முடிப்பது?

அ) நெலீதா எழுந்து வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்குகிறார். [நன்றாக இருக்கும். நடக்கவில்லை.]

ஆ) தலைநகரக் கவிஞரே ‘முதலில் இந்த அம்மா படிக்கட்டும்’ என்கிறார். [இது மாயக் கதை அல்ல.]

இ) நான் மன்னிப்புக் கேட்கிறேன். [கேட்டேன். மறுமாதம், எல்லோர் முன்னாலும், வேடிக்கையாக. எல்லோரும் சிரித்தார்கள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.]

6

முடிவு கிடைக்காததால் போன செவ்வாய் அவர் வீட்டுக்குப் போனேன். எழுபத்தேழு வயது, தையல் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. மாத்தே இலைத் தேநீர் தயாரித்து, உறிஞ்சு குழலோடு கொடுத்தார். உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தேன்.

“உங்க அந்தக் கவிதையை மலர்ல போடலாம்னு வந்தேன்.”

“எந்தக் கவிதை?”

“தொண்ணூத்தெட்டுல நீங்க படிக்காம விட்டது.”

“நான் எங்க விட்டேன், குண்டா? நீதான விட்டே.”

அடுத்த மாத்தேயை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“அச்செல்லாம் வேண்டாம்” என்றார். “அது வாய்விட்டுப் படிக்க எழுதினது. ஆண்டு விழாவுக்குத் தாள் ஒட்டுவீங்கல்ல? என் பேரை ஒண்ணாவதாப் போடு.”

“அன்னிக்கு டாக்டர் தலைநகர்லேர்ந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காரு.”

“வரட்டுமே. வந்து காப்பி ஊத்தட்டும்.”

“கவிதை எதைப் பத்தி?”

“கேட்டாத் தெரிஞ்சுடும். உனக்குத்தான் கேக்கற பழக்கம் கிடையாது.”

7

இந்த மலர் விழா வாசலில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே இதை நீங்கள் 112-லோ 9-லோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார், நிதானமாகப் படியுங்கள், நேரம் இருக்கிறது. (அச்சுக்குப் போகும் முன் அவர் இதைப் பார்த்திருக்க மாட்டார். தன் போட்டோவை மட்டும்தான் சரிபார்ப்பார்.) முதல் வரிசையில் பாருங்கள், சாம்பல் கொண்டை, கையில் மடித்த தாள். அவர்தான்.

இன்னும் சற்று நேரத்தில் நான் ஒலிவாங்கிக்கு வருவேன். வாசலில் கார் வந்து நிற்கும். டாக்டர் என்னைப் பார்ப்பார். என் வாயை நான் நம்பவில்லை; உங்கள் கைகளைத்தான் நம்புகிறேன். நெலீதா எழுந்திருக்கும்போது தட்டாதீர்கள். படித்து முடிக்கட்டும்.

நடவடிக்கைப் புத்தகம் காப்பி மேசை மேல் திறந்திருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். இன்றைய வரியில் என்னால் இவ்வளவுதான் எழுத முடிந்தது. மிச்சத்தை வெளியே போகும்போது நீங்கள் எழுதிவிட்டுப் போங்கள்:

நெலீதா பராஸா தன் முறையை