வளையத்தில் ஒட்டிய படம்

டோரீனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் அந்த எஃகு வளையங்கள் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

தொண்ணூற்றெட்டில் பொம்மனஹள்ளியில் எங்கள் ஷெட். அணு உலைக்குப் போகும் ஆளுயர வளையங்கள் இரண்டை எலக்ட்ரான் கற்றையால் உருக்கி ஒன்றாக்க வேண்டும். கற்றை வெற்றிடத்தில்தான் நேராக ஓடும். அதனால் வளையங்களைப் பெரிய இரும்பு அறைக்குள் ஏற்றிக் காற்றை முழுக்க உறிஞ்சிவிடுவோம். ஒரே சுற்றில் மேலிருந்து அடிவரை இணைந்துவிடும். தவறினால் திருத்த முடியாது, மாற்று வளையமும் கிடையாது.

இன்ஜினியராக நான் கன்சோலில் உட்காரும் முதல் பெரிய வேலை அது. சரியாக வந்தால் மெஷின் உனக்கு, கெட்டால் பழையபடி டிராயிங் ஆபீஸ் என்று மேனேஜர் பாலசுப்ரமணியன் சார் முன்பே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை லீவு முடிந்ததும் வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். சோதனைக்கு மெலிந்த கற்றையை விட்டு, அதன் ஒளிப்புள்ளியை இணைப்புக் கோட்டில் நிறுத்தி வளையத்தைச் சுற்றவிட்டேன். புள்ளி ஒழுங்காகத்தான் போயிற்று. ஓரிடம் வந்ததும் பக்கவாட்டில் நகர்ந்தது, தாண்டியதும் கோட்டுக்கே திரும்பியது. மறுபடி சுற்றினேன். அதே இடம், அதே நகர்வு.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, கொஞ்சந்தானே," என்றார் சார். "அந்த எடத்துல மட்டும் பீமைத் தள்ளி விடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெஷினில் கோளாறு என்றால் சுற்று முழுக்கத் தெரிய வேண்டுமே! ஓரிடத்தில் மட்டும் இழுக்கிறதென்றால் எஃகில் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் கற்றையை வளைக்கும். மேலே தள்ளி விட்டாலும் உள்ளே போகப் போக வளைந்து இணைப்பைத் தவறவிடும்.

"மேல பாக்க அழகா இருக்கும் சார், உள்ள ஒட்டியிருக்காது. நான் பீம் அடிக்க மாட்டேன். கதவைத் தொறங்க."

திறந்தால் வெற்றிடம் போச்சு, அன்றைய நாளும் போச்சு. இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். சாரின் முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் திறக்கச் சொன்னார். அந்த இடத்தில் காந்தம் அளக்கும் மீட்டரை வைத்ததும் முள் துள்ளியது.

லீவுக்கு முன்னால் நானே அளந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. நடுவில் நடந்தது பூஜை மட்டும்தான். அன்றைக்கு அதே இடத்தில் சாமுண்டீஸ்வரி படம் நின்றது ஞாபகம் வந்தது. டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை மாட்டும், அடியில் காந்தம் வைத்த மேக்னடிக் ஸ்டாண்டை எஃகில் ஒட்டவைத்து, அதில் படத்தைச் செருகியிருந்தார்கள்.

நானோ சர்ச்சுக்குப் போகிறவள். சாமி படத்தால் வேலை கெட்டது என்று என் வாயால் சொன்னால் ஷெட்டில் என்ன பேசுவார்கள்? பயந்துவிட்டேன். நான் பயந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

"படம் வெச்சது தப்பில்ல. மேக்னடிக் ஸ்டாண்டு வெச்சதுதான் தப்பு. யாரு வெச்சது?" என்று கேட்டேவிட்டேன்.

ஃபிட்டர் அப்பாதுரை அண்ணன் அண்ணாந்து கிரேனைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா," என்றார் பாலசுப்ரமணியன் சார்.

இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாரே, அதில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. வளையத்தில் கேபிள் சுற்றி, ஏசி கரண்ட் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காந்தத்தை இறக்கினோம். சாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேபிள் சுற்றினார். முள் படுத்தது.

மறுநாள் புள்ளி சுற்று முழுக்கக் கோட்டை விட்டு நகரவில்லை. முழு பவரில் அடித்தேன். அல்ட்ராசோனிக் சோதனையில் ஒரு குறையும் இல்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டுத் தங்கிய இன்ஸ்பெக்டர் கைகொடுத்துவிட்டுப் போனார். சார் மட்டும் மெஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, வீம்பு.

அடுத்த ஆயுத பூஜைக்குப் புது வளையம் ஒன்று வந்திருந்தது. பூ, பொரி, கற்பூரம் எல்லாம் தயாராக இருந்தும் யாரும் தொடங்கவில்லை. சார் படத்தை இரண்டு கையாலும் எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"உன் மெஷினு. எங்க வெக்கலாம்னு நீயே பாத்து வெச்சுக் குடு டோரீன்."

கண் கலங்கியதை யாரும் பார்க்காதபடி குனிந்து, ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, படத்தை அதன்மேல் நிறுத்தினேன்.