வாடகை ஹெவின்

இரட்டைக் கட்டில் மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது. மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. எங்கள் தெரு வீடுகளின் படிக்கட்டில் சவப்பெட்டியைக்கூட நிமிர்த்திப் பிடித்துத்தான் இறக்க முடியும். போன பிப்ரவரியில் பாடகர் எல்கனை அப்படித்தான் இறக்கினார்கள்.

"சுவத்துல கீறிராதீங்கப்பா, நேத்துதான் காகிதம் ஒட்டுனது," என்று கீழே நின்றபடி மென்னா சொன்னார். எல்கனுக்கு அக்கா. வீடு அவர் பேரில் இருக்கிறது; அதைத் தம்பியின் நினைவு மியூசியமாக்கிக்கொண்டிருந்தார்.

ஹெவின் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார்.

"இத எதுக்கு இறக்குறீங்க, மென்னா?"

"மியூசியத்துக்குப் பள்ளிக்கூடப் புள்ளைங்கல்லாம் வரும். எல்கன் சின்ன வயசுல படுத்த ஒத்தக் கட்டில் பரண்ல கெடக்கு. அது போதும்."

"அவன் செத்தது இந்தக் கட்டில்லதான். நான் பக்கத்துல படுத்திருந்தேன்."

தூக்கிக்கொண்டிருந்த இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் மென்னா. "உன்னப் போகச் சொல்லல. பின்னால இருக்கற சின்ன ரூம்ல இருந்துக்க. வர்றவங்களுக்கு வீட்டச் சுத்திக் காட்டு. யாருன்னு கேட்டா, இங்க குடியிருந்தவன்னு சொல்லு. அது பொய்யில்லையே? அதுக்கு மேல எதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா, சாவிய எங்கிட்ட குடுத்துட்டுச் சொல்லு."

ஹெவினுக்கு அறுபத்தாறு வயது. சொந்தம் என்று சொல்ல யாரும் மிச்சமில்லை, போக வேறு வீடும் இல்லை. சம்பாதித்ததைக் கையில் தங்கவிட்டவரில்லை எல்கன். உயில் எழுதவில்லை. ஆணும் ஆணும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோதுகூட, "நாட்டுக்கே சொல்லியாச்சு, இனி ரிஜிஸ்திரார்கிட்ட வேற போயிச் சொல்லணுமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்க ஹெவின்தான் மிஞ்சினார்.

"சரி," என்றார். கட்டில் ஒருவழியாக இறங்கியது.

வேல்ஸில் எங்கள் கும்தெரி மாதிரி ஊர்களில் தெருவுக்குப் பத்து ஜோன்ஸ், பத்து டேவிஸ். தொழிலை முன்னால் ஒட்டித்தான் ஆளைச் சொல்வோம். சுரங்கத்தில் விளக்கு எடுத்துக் கொடுத்த ப்ராஸர், விளக்கு ப்ராஸர். அவர் பிள்ளைகள் விளக்கு எல்கன், விளக்கு மென்னா. கல்யாணம் ஆனால் அந்தப் பேரும் மாறிவிடும். பஸ் ஓட்டுகிறவரைக் கட்டிய அன்றே மென்னா பஸ் மென்னா ஆனார். ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிய ஓல்வென் ஆன்ட்டி ஆயுசில் மாவு பிசைந்ததில்லை. புருஷன் போய் இத்தனை காலம் ஆகியும் ரொட்டி ஓல்வென்தான். எல்கனோடு முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய ஹெவினுக்கு மட்டும் ஊர் வாடகை ஹெவின் என்று பேர் வைத்தது. அவர் யாருக்கும் ஒரு பென்னி வாடகை கொடுத்ததில்லை.

தெரியாமல் வைத்த பேர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எல்கன் எதையும் மூடி வைத்தவரில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் பாட்டு நாடெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். டிவியில் ஒருத்தி, "காதலி யாராவது உண்டா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். "காதலன் உண்டு. இந்நேரம் வீட்டுல டீ போட்டுக்கிட்டு இருப்பான்," என்றார் எல்கன். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் பாட்டை வானொலியில் போடவில்லை. எங்கள் கோயிலில் அவருக்காக ஜெபிப்பதை நிறுத்தினார்கள். அவர் பாடுவதை நிறுத்தவில்லை. ஓர் ஆண் இன்னொரு ஆணுக்காக ஏங்குவதையும் சண்டை பிடிப்பதையும் சமாதானமாவதையும், மேலே ஒரு பெண்ணின் பேரைப் போர்த்தாமல் பாடினார். 'பக்கத்துத் தலையணை' என்ற பாட்டு, காலையில் விழித்ததும் அருகில் தூங்குகிறவன் முகத்தைப் பார்ப்பது பற்றியது. அந்த முகம் ஹெவினுடையது. இன்றைக்கு ரக்பி மைதானத்தில் கூட்டம் மொத்தமும் அதைப் பாடுகிறது. காலம் மாறிவிட்டது என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். பாட்டுக்குத்தான் மாறியிருக்கிறது.

எல்கன் செத்த வாரம் தெருப் பெண்கள் பன்றித் தொடைக் கறியும் கேக்கும் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு மென்னாவின் வீட்டுக்குப் போனார்கள். துக்கம் அங்கே என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஹெவின் இங்கே ஒரு முட்டையை வேகவைத்து நின்றபடியே தின்றார். புருஷன் செத்தவளை மூலையில் உட்கார்ந்து அழவாவது விடுகிறது உலகம். இவரிடம், "வேற வீடு பாத்தாச்சா?" என்று விசாரித்தார்கள்.

பின்ரூமுக்கு மாறிய பிறகும் கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்து, பாதியைக் கொட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலங்களில் டிவியில் வானிலை சொல்கிறவனுக்குப் பதில் பேச ஆரம்பித்தார். "நாளைக்கும் மழையா? சரிதான்," என்பார். பிறகு தன் குரலைக் கேட்டுத் தானே கூசுவார்.

மியூசியம் திறக்கும் சனிக்கிழமை மழையோடுதான் விடிந்தது. கூடத்தில் ஆண்கள் பாடகர் குழு, கழுத்துச் சங்கிலியோடு மேயர், தட்டுத் தட்டாகக் கல்லில் சுட்ட கேக். ஹெவின் ஒரு கும்பலை மாடிக்குக் கூட்டிப்போனார். மென்னாவும் பின்னாலேயே வந்தார்.

"இது எல்கன் படுத்த கட்டில்," என்று ஹெவின் மனப்பாடம் ஒப்பித்தார். சுருதியில்லாத குரல்.

கும்பலில் ஸ்வான்ஸியிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டிய வயது. தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? அன்னிக்கு டிவில அவர் அதச் சொன்னப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. எங்கப்பா எந்திரிச்சுப் போயி டிவிய அணைச்சுட்டாரு. அந்த வாரம் ஆத்துல விழுந்துரலாம்னு இருந்தவன் நான். விழல. எங்கயோ ஒருத்தன் வீட்டுல இருந்து டீ போடுறான்னா, நமக்கும் ஒருத்தன் இருப்பான்ல, அப்படின்னு நெனச்சுக்கிட்டேன்." தொப்பியை இன்னொரு சுற்றுத் திருகினார். "எனக்கு அமையல. அது பரவால்ல. அந்த டீ போட்டவரு இப்ப உசுரோட இருக்காரா?"

ஹெவின் மென்னாவைப் பார்த்தார். வேண்டாம் என்று மென்னாவின் தலை லேசாக ஆடியது. பின்ரூம் ஹெவினின் ஞாபகத்துக்கு வந்தது. அதிலிருக்கும் சின்ன ஹீட்டரும் ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழையும் வந்தன. பயமாகத்தான் இருந்தது.

"இருக்கான்," என்றார். "நாந்தான். விளக்கு ஹெவின்."

ஸ்வான்ஸிக்காரருக்கு அது ஏதோ ஒரு பேர். அவர் ஹெவினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் சுருக்கென்றது. அந்த வீட்டில் பிறக்காதவருக்கு, கட்டிக்கொண்டால் மட்டும் ஊர் கொடுக்கிற பேர் அது. ஊர் கொடுக்கும் என்று முப்பத்தெட்டு வருஷம் பார்த்துவிட்டு, ஹெவின் தானே எடுத்துக்கொண்டார்.

"அது எங்க வீட்டுப் பேரு," என்றார் மென்னா. உதடு வெளுத்திருந்தது.

சுவரோரம் சாய்ந்திருந்த ரொட்டி ஓல்வென் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "உனக்கு அது போயி அம்பது வருஷமாச்சேடி. நீ இப்ப பஸ் மென்னால்ல? எல்கன் போனதுக்கப்புறம் அந்தப் பேருக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தந்தான்."

யாரோ இருமினார்கள். மென்னா கையை நீட்டினார். ஹெவின் சாவியை அதில் வைத்துவிட்டு, பின்ரூமுக்குப் போய்க் கோட்டை எடுத்துக்கொண்டார்.

படியிலும் கூடத்திலும் ஜனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. பாடகர் குழு 'பக்கத்துத் தலையணை'யைத் தொடங்கியிருந்தது. மேயர் உட்பட எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். சிலர் அழுதார்கள். இறங்கி வந்த ஹெவின், "கொஞ்சம் வழி விடுங்க," என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.