சுவர்ப் பக்கத்துச் சக்கரங்கள்

டீச்சர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிய வண்டி அது. புதுசு இல்லை, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் கைமாறி வந்த எஸ்யூவி. அவளுக்கு மாற்றலாகியிருந்த பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது. பஸ்ஸை நம்பினால் முதல் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அவளே தேடி, அவளே பேரம் பேசி, அவளே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவ்வளவு பெரிய உருப்படி அந்தச் சின்ன முற்றத்தில் நுழைந்ததே அதிசயம். ஒரு பக்கத்தை மதில் சுவரோடு ஒட்டி நிறுத்தினால்தான் மறுபக்கம் அவள் கதவைத் திறந்து இறங்க முடியும். வீட்டில் அதற்கு யானை என்று பேர் வைத்தார்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே யானைக்கு மதம் பிடித்தது. காலையில் பெரிய சாலையில் ஏறி வேகம் எடுத்தால் போதும், ஓரத்துக்கு இழுக்கும். சின்ன மேடு பள்ளத்துக்கும் துள்ளும். பள்ளிக்கூடம் போய் இறங்கும்போது அவள் தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும்.

மெக்கானிக் அண்ணனிடம் நடையாய் நடந்தாள். சும்மா சொல்லக் கூடாது, வேலை தெரிந்தவர். வீல் அலைன்மென்ட் பார்த்தார். ஷாக் அப்சார்பரை அமுக்கிப் பார்த்தார். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரங்களைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டிப் பார்த்தார். அவர் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் டயர் காற்றைச் சரி செய்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். குழாயை மாட்டினால் போதும், மெஷின் தானாகவே கூட்டிக் குறைத்து ‘பீப்’ என்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம்தான் ஓட்டிப் பார்ப்பார்.

“குழந்தை மாதிரி போகுது டீச்சரம்மா. வண்டில ஒரு குறையும் இல்ல.”

வேலை முடிந்ததும் கணவன்தான் போய் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவான். அவன் கைக்கும் யானை அடங்கி ஒடுங்கி நடக்கும். மறுநாள் காலை அவள் உட்கார்ந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

“உன் கைதான் ஒத்துவரல போல,” என்றான் கணவன். கெட்டவன் இல்லை, பயந்தவன். “உசுர விட வேலையா பெரிசு? ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து வண்டியப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. குடுத்துடலாம்.”

கொடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒரு அறை எடுத்துத் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். வீடு, விடுமுறைக்கு மட்டும்.

அதைவிடப் பெரிய வருத்தம் மாமாவைப் பற்றி. கணவனைப் பெற்றவர். சைக்கிள் கடை வைத்தே குடும்பத்தை நிமிர்த்தியவர். அந்த வீட்டில் என்ன தகராறு வந்தாலும் மருமகள் கட்சி. அப்படிப்பட்டவர் வண்டி வந்ததிலிருந்து அதைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விடுவார். காலையில் பனியன் நனைய வேர்த்துக்கொண்டு வேறு உட்கார்ந்திருப்பார். “அப்பா உடற்பயிற்சி ஆரம்பிச்சுட்டாரு, இனிமே நம்மள யாரும் அசைச்சுக்க முடியாது,” என்று கணவன் கிண்டல் செய்வான். டீச்சருக்குத்தான் சிரிப்பு வராது. மாமாவுக்கும் என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை கடைசி முயற்சியாக ஷெட்டுக்குப் போனாள். வழக்கம்போல ஆள் ஒருவர் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். டீச்சருக்குச் சட்டென்று பொறி தட்டியது. வீட்டிலிருந்து வரும்வரை ஆடுகிற வண்டி, இங்கே வந்ததும் அடங்கிவிடுகிறது. நடுவில் நடப்பது இந்த ஒன்றுதான்.

“அண்ணே, குழாயத் தொடாதீங்க! வந்தது வந்தபடி நீங்களே ஓட்டிப் பாருங்க.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சாவியை வாங்கினார். அவளும் ஏறிக்கொண்டாள். பெரிய சாலையில் வேகம் பிடித்ததும் யானை தன் வேலையைக் காட்டியது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயையோ, இதையா தினமும் ஓட்டிட்டுப் போனீங்க?”

“ஆடுதா? ஆடுதா அண்ணே?” வண்டி ஆடுவதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து சக்கரம் சக்கரமாக அளந்தார். ஓட்டுபவர் பக்கம் இரண்டும் கருங்கல். மறுபக்கம் இரண்டும் சரியான அளவு. “யாரோ ஒரு பக்கம் மட்டும் காத்து அடிக்கறாங்க டீச்சரம்மா. இந்த மெஷின் அதச் சத்தமில்லாம சரிபண்ணிட்டு என்னையும் முட்டாளாக்கியிருக்கு. உங்க மேல யாருக்காவது கோவமா?”

காற்று அளக்கும் அளவுமானி ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சமையலறை ஜன்னலோரம் நின்றாள்.

மாமா வந்தார். கையில் சைக்கிள் கடைக்காலத்துப் பம்பு. முன் சக்கரத்துக்கு எதிரே குந்தி, கட்டைவிரலால் டயரை அழுத்தி, டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, எழுந்து நின்று மூச்சு வாங்க வாங்க அடித்தார். பின் சக்கரத்துக்கும் அதே வைத்தியம். அப்புறம் சுவர்ப் பக்கம் போனார். இடுக்கில் கையை விட்டார், தோளை விட்டார், தொந்தி மாட்டிக்கொண்டது. வெளியே வந்து அந்தப் பக்கத்தையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா!”

சர்க்கரை திருடிய பிள்ளை மாதிரி பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆள் உயரப் பம்பை எங்கே மறைக்க?

“டயரு கீழ பிதுங்கி நிக்குதும்மா. நீ தன்னந்தனியா அவ்வளவு தூரம் போற...”

“இந்த டயர் அப்படித்தான் மாமா, காத்து சரியா இருந்தாலும் கீழ பிதுங்கும்!”

அவர் முகம் தொங்கிப்போனது. “அப்ப ஆடினதெல்லாம் என்னாலயா? நீ ஆடுதுன்னு சொல்றப்பல்லாம், அந்தப் பக்கம் காத்து இல்லாமத்தான் ஆடுதுன்னு நெனச்சேன். அங்க கை எட்டல. அதுக்கும் சேத்து இந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் அடிச்சேன்.”

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி சிரிப்பால் வந்ததல்ல.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா?”

“சொன்னா நீ பயந்து வேலைய விட்டுட்டா? நீ போகணும்மா.”

அண்ணனிடம் வாங்கி வந்த அளவுமானியை அவர் கையில் வைத்தாள். அவர் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் உட்கார்ந்து காற்றை இறக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டி வாங்க வந்தவர் கேட்டைத் தட்டினார். கணவன் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தான். மாமா பம்பும் கையுமாகக் குறுக்கே நின்றார்.

“வண்டி விக்கறதுக்கில்ல.”

“அப்பா, அதுல கோளாறு இருக்குப்பா.”

“கோளாறு வண்டில இல்லடா, நான்தான். வேணும்னா என்னை வித்துக்கோ.”

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். டீச்சர் அதற்குள் வண்டியை வெளியே எடுத்திருந்தாள். பாவம், மனிதர் பஸ்ஸில் வந்திருக்கிறார், கொண்டுபோய் விடலாம் என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டாள். மாமா முன் சீட்டில் அளவுமானியோடு உட்கார்ந்தார்.

பெரிய சாலையில் வேகம் கூடியது. யானை அசையவில்லை.

“வண்டி அருமையா போகுதே,” என்றார் பின் சீட்டிலிருந்து, வண்டி வாங்க வந்தவர். “இத ஏன் விக்க நெனச்சீங்க?”

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தொண்டையைச் செருமினார்.