முதல் அரைமணி நேரத்துப் பந்து

வெளியூர் அரங்குகளில் சொன்னபடி கேட்கும் பந்து, சொந்த ஊர் அரங்கில், அதுவும் முதல் பாதியில் மட்டும், ஏன் கையை விட்டு வழுக்குகிறது? நவம்பரிலிருந்து தோர்கிலை இந்தக் கேள்வி அரித்துக்கொண்டிருந்தது.

அவன் ஹேண்ட்பால் அணியில் வலது ஓர ஆட்டக்காரன், இடது கைக்காரன். அந்த மூலையிலிருந்து பார்த்தால் கோல் ஒரு கதவிடுக்கு அளவுதான் தெரியும். எம்பிக் குதித்து, காற்றில் இருக்கும்போதே பந்தை விரல் நுனியால் திருகிவிட வேண்டும். தரையில் பட்டதும் அது கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். திருகு பிடிக்க விரலில் பிசின் ஒட்டியிருக்க வேண்டும். காலணியின் குதிகாலில் ஓர் உருண்டை அப்பிவைத்துத் தொட்டுக்கொள்வார்கள்.

பிசின் டப்பாவை மாற்றினான், காலணியை மாற்றினான், நகத்தை ஒட்ட வெட்டினான். ரொட்டியில் ஈரல் விழுது தடவும்போதுகூட மணிக்கட்டு தானாகத் திருகியது. வயது முப்பத்திரண்டு, ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பயிற்சியாளர் பியார்கே சொல்லியிருந்தார்.

ஞாயிறன்று பயிற்சி வீச்சில் ஏழுக்கு ஏழு உள்ளே போனது. பிறகு இசை, அணிவகுப்பு, விசில். நாலாவது நிமிடம் பந்து பார்வையாளர் வரிசைக்குப் பறந்தது. ஒன்பதாவது நிமிடமும் அதே கதை.

பியார்கே அவனை வெளியே கூப்பிட்டார். "வந்து உட்காரு. உள்ளூர் ஜனங்களைப் பார்த்தா உனக்கு உதறுது, அவ்வளவுதான்."

"உதறலா இருந்தா முன்னாடி ஏழும் எப்படிப் போச்சு?"

"எதிர்ல நின்னது மால்தே. அவன்கிட்ட எங்க அம்மாகூட கோல் போடுவாங்க."

பெஞ்சில் இருந்த இரண்டாவது கோல்கீப்பர் மால்தே, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்" என்றான்.

தோர்கில் குதிகால் பிசினைத் தொட்டான். விரலில் ஒட்டாமல் சிறு மணிகளாக உருண்டது. கையை மால்தேயிடம் நீட்டினான். "மோந்து பாருடா."

"என் பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு. குளிருக்குப் பூசுற கிரீம்."

தோர்கில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிசின் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்ப் பசைக்குத்தான் கரையும். ஆட்டம் முடிந்து அவர்கள் கை கழுவுவதே அப்படித்தான். பயிற்சிக்கும் விசிலுக்கும் நடுவே நடப்பது ஒன்றே ஒன்று: உள்ளூர் அணியினர் ஆளுக்கொரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவருவார்கள். மேற்குக் காற்றுக்குப் பயந்து அம்மாக்கள் முகத்திலும் கையிலும் கிரீமை அப்பி அனுப்பிய குழந்தைகள்.

"குழந்தைங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"இடது பக்கம். வலது கையை ஜனங்களுக்கு ஆட்டணும்ல."

"நீங்கல்லாம் வலது கையால வீசுறீங்க."

மால்தே தன் வலது கையை மோந்து பார்த்தான். அணியின் இன்னொரு இடது கைக்காரன் அக்டோபரிலிருந்தே முழங்கால் கட்டோடு வீட்டில் கிடக்கிறான்.

இடைவேளையில் எல்லோரும் கை கழுவிப் புதுப் பிசின் தொடுவார்கள். இரண்டாம் பாதி ஒருபோதும் கெடாததற்குக் காரணம் அதுதான். அன்றும் அவன் அழுத்தித் தேய்த்துக் கழுவினான். பியார்கே வேண்டாவெறுப்பாகப் பத்து நிமிடம் கொடுத்தார். நாலு வீச்சு, நாலு கோல்.

"வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடு. ஒரு வருஷம்தான்" என்றார் பியார்கே. "குழந்தைங்களை என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். எனக்கு மட்டும் வலது பக்கம் நிக்கட்டும். நான் இடது கையை ஆட்டுறேன்."