மூச்சுக்கு இடம்

அந்தக் குழுவில் பாட்டுக்கு வரிகள் கடைசியில்தான் வரும். டிரம்ஸும் கிட்டாரும் முதலில் மெட்டைப் பழகிவிடும். பாடகன் வரிகள் எழுதிய தாளை ஒலிப்பதிவன்றுதான் பையிலிருந்து எடுப்பான். ஆகையால், காதலித்த அவளை விட்டுப் போன இரண்டாம் மாதத்தில் அவன் எழுதிய பாட்டுக்கு அவளே ஒரு வாரமாக உயிரைக் கொடுத்து டிரம்ஸ் அடித்திருந்தாள். அது யாரைப் பற்றியது என்பது, பதிவுக்கூடத்தில் அவன் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"சாகக் கெடந்த அம்மாகூடத் தம்பியத்தான் தேடினா! உன்ன எவன்டி தேடுவான்?"

அவள் அவன் ஒருவனிடம் மட்டும், ஒரே ஒரு முறை சொன்ன செய்தி அது.

குச்சிகள் நின்றன. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அவள் தம்பி தரையைப் பார்த்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"பாட்டுதானேக்கா. பிச்சுக்கிட்டுப் போகும் பாரு."

"கோவம் வந்தா இவ நல்லா அடிப்பா சார்," என்றான் பாடகன், கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளரிடம். "அதான் சொல்லல. சாயங்காலம் கம்பெனிக்காரங்க கேக்க வர்றாங்க. முடிச்சிரலாம்."

எழுந்து போனால் இன்னொருவர் வந்து அடிப்பார். அம்மாவின் சாவு ஊரெல்லாம் ஒலிக்கும். அவள் எழவில்லை.

அவனுக்கு மூச்சு குட்டை. ஒவ்வொரு நான்காம் வரிக்கு முன்னும் திணறுவான். நான்கு ஆண்டுகளாக அவள் அவ்விடத்தில் தாளத்தை ஓர் இமைப்பொழுது இழுத்துப் பிடித்து, அவன் மூச்சு வாங்க இடம் விட்டு வந்தாள். கேட்டவர்கள் அதை அவனுடைய பாணி என்றார்கள். அவனும் நம்பினான். காதலிக்கும்போது அதைச் சொல்லிக்காட்டுவது அற்பம் என்று அவள் கருதியிருந்தாள்.

இம்முறை இடம் விடவில்லை.

"எவன்டி தே..." குரல் அறுந்தது.

"வேகமா அடிக்கிறா சார்!"

"இல்லப்பா," என்றார் ஒலிப்பதிவாளர், திரையைப் பார்த்தபடி. "கடிகாரம் மாதிரி அடிக்கிறாங்க. நீதான் பின்தங்குற."

ஒன்பதாம் முறை அவன் கண்ணில் நீர் வந்தது.

"தண்ணி குடி," என்றாள் அவள் கனிவாக. "அவசரமே இல்ல."

"இவ வேணாம்! மெஷின் பீட் போடுங்க!"

அவள் குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பி வாசல்வரை ஓடி வந்தான். "அக்கா, எப்பவும் ஏதோ பண்ணுவியே, அத அவன்கிட்டச் சொல்லிட்டுப் போயேன்."

"எது?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே இயந்திரம் பிசகாமல் அடிக்கத் தொடங்கியது. நான்காம் வரிக்கு முன் இருமல் எழுந்தது. மீண்டும் தொடங்கியது, மீண்டும் இருமல். மூன்றாவதையும் நின்று கேட்ட பிறகே அவள் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.