சந்திரம்மாள் இல்லாத கயிறு

கேன்டீன் பெண்கள் முதல் முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். தண்டலத்துக்குப் பக்கத்தில், டிராக்டர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், 1991 ஆயுத பூஜைக்காக நடந்த கயிறு இழுக்கும் போட்டி அது. மூன்று வருடமாகத் தோற்றே அறியாத பேக்கிங் பெண்களோடு பூஜையன்று மோத வேண்டும். அதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் சந்திரம்மாள். நாற்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றினால் எதிர் அணி எட்டுப் பேரும் வியர்த்துப் போவார்கள். அரையிறுதியில் ஜெயித்ததும் அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லோருமாக மண்ணில் விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை இட்லி ஊற்றும்போது அவளுக்குத் தலை சுற்றியது. பின்மண்டையில் சம்மட்டி அடிப்பதுபோல வலி. செருப்பு காலில் நுழையவில்லை. கூட வேலை செய்யும், கயிற்றிலும் கூட நிற்கும் கிளியம்மாள்தான் அவளைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்கு அழைத்துப்போனாள்.

நர்ஸ் ராஜம்மா கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள்.

“நூத்தி எண்பதுக்கு நூத்திப் பத்துக்கா. பிரஷர் மாத்திரை போடறதை விட்டுட்டியா?”

“ஐயே, ஒரு நாள் விட்டதில்லமா! காலீல பல்லு வெளக்கின கையோட போட்டுட்றேன்.”

“வேற இன்னா மாத்திரை போடறே?”

“வேற ஒண்ணும் இல்லியே.”

“அந்தத் தோள்வலி மாத்திரை?” என்றாள் கிளியம்மாள் மெதுவாக.

“அது வலிக்குத்தான்டி போடறேன். அதெல்லாம் ஒரு மாத்திரையா?”

பயிற்சி தொடங்கிய நாள் முதல் சந்திரம்மாளின் தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. பல்வலிக்கு வாங்கி மிஞ்சிய இபுப்ரூஃபன் அட்டையைக் கிளியம்மாள்தான் கொடுத்தாள். அது தீர்ந்ததும் சந்திரம்மாளே கடையில் வாங்கி, தினமும் மூன்று போட்டுக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒரு முறை வரும் டாக்டர் சக்ரபாணி அன்று வந்திருந்தார். அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“பிரஷர் மாத்திரை அதோட வேலையைச் செய்யப் பார்க்குது. இது செய்ய விடாம தடுக்குது. உப்பும் தண்ணியும் உடம்புல தங்கிடும். கால் வீங்கினது அதனாலதான். கிட்னிக்கும் ஆகாது. இன்னியோட இதை நிறுத்துங்க. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.”

“அப்ப வலிக்கு?”

“பாராசிட்டமால் ஒண்ணு. அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சுதான். தினமும் வந்து பிரஷர் பாருங்க. கயிறு இழுக்கிறது இந்தத் தடவை வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சந்திரம்மாள் அழுதுவிட்டாள்.

தினமும் வந்து பார்த்தாள். தலைவலி விட்டது, வீக்கம் வடிந்தது, அளவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பூஜையன்று நூற்று நாற்பத்தாறு. “அப்ப இழுக்கலாமா?” என்று கெஞ்சினாள். ராஜம்மா அவளுக்கு மைதான ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி ஆளாகச் செந்தாமரை நின்றாள். பாத்திரம் தேய்ப்பவள், ஒல்லி. விசில் ஊதிய வேகத்தில் கேன்டீன் அணி மொத்தமும் கோட்டைத் தாண்டி இழுபட்டுப்போனது. பேக்கிங் பக்கம் தட்டு, வாளி எல்லாம் முழங்கின.

சந்திரம்மாளுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. எட்டுப் பேரும் எட்டு விதமாக இழுப்பது அங்கிருந்துதான் தெரிந்தது. கயிற்றைப் பிடித்து நின்றபோது ஒரு நாளும் இதை அவள் பார்த்ததில்லை.

இரண்டாவது விசில் ஊதியது.

“ஏய், சாம்பார் அண்டாடி! அண்டா தூக்கறோம்டி! புடி... அமுக்கு... ஏத்து!”

தினமும் அடுப்பிலிருந்து அண்டாவை எடுத்து மேடையில் ஏற்றும்போது சந்திரம்மாள் கொடுக்கும் குரல் அது. எட்டு முதுகும் ஒன்றாகச் சாய்ந்தன. கயிறு ஒரு சாண் வந்தது.

“ஒக்காந்துகினே கத்துக்கா!” என்று ராஜம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“புடி... அமுக்கு... ஏத்து!”

இந்த முறை பேக்கிங் அணி கோடு தாண்டியது. ஆளுக்கு ஒன்று. மூன்றாவது இழுப்பில் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. சந்திரம்மாள் அவசரப்படாமல், சாம்பார் தளும்பாதபடி ஏற்றுவதுபோல, நிதானமாகக் குரல் கொடுத்தாள். ராஜம்மாவும் தன்னை மறந்து “ஏத்து! ஏத்து!” என்று கத்தினாள். பேக்கிங் அணியின் முதல் பெண் சறுக்கினாள். அவள் பின்னால் இருந்தவர்களும் வரிசையாகச் சரிந்தார்கள்.

செந்தாமரை ஓடிவந்து சந்திரம்மாளைக் கட்டிக்கொண்டாள். கிளியம்மாள் வலித்த தன் தோளைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே தன் இடுப்பு முடிச்சிலிருந்து அதே இபுப்ரூஃபன் அட்டையை உருவினாள். சந்திரம்மாள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“எனக்குத்தான் பிரஷரே இல்லியே!” என்றாள் கிளியம்மாள்.

“என்னிக்காவது பாத்துகினியா?”

பார்த்ததே இல்லை. சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்து முதலுதவி அறைப் பக்கம் இழுத்தாள். கிளியம்மாள் எவ்வளவோ திமிறியும் பிடி தளரவில்லை. ஜெயித்த அணி மொத்தமும் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனது.